பட்சிராஜனை மறுமுறை காணல்

ஷங்கர் இயக்கிய ‘2.0’ திரைப்படம் 2018 நவம்பர் 29 அன்று வெளியானபோது காவிரிப் படுகையின் கீழ்க்கோடி துயரில் ஆழ்ந்திருந்தது. அம்மாதம் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்து, மின்கம்பங்களை வரிசை வரிசையாக வீழ்த்தி, கோடிக்கரைக் காட்டின் மரங்களோடு மான்களையும் பறவைகளையும் மாய்த்துச் சென்றிருந்தது. கூரை பறிகொடுத்தவர்களுக்குச் சினிமா நினைவு வருமா? 2010-இல் வந்த ‘எந்திர’னின் தொடர்ச்சியான இந்தப் படத்தை, ஆகவே, இப்பகுதியில் பலர் பின்னாளில் தொலைக்காட்சியிலும் கைபேசியிலுமே பார்த்தார்கள்.

அவர்கள் கண்டது கதையை மட்டுமே. இப்படம் தொடக்கம் முதலே முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. நம் இரு விழிகளைப்போல் அருகருகே அமைந்த இரண்டு காமிராக்கள் ஒரே காட்சியைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் பதிவு செய்ய, கொட்டகையில் தரப்படும் கண்ணாடி ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய பிம்பத்தை மட்டும் அனுமதிக்க, அவ்விரண்டையும் மூளை ஒன்றாக்கி ஆழத்தைச் சிருஷ்டிக்கிறது. ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியோ, ஆசனத்தின் அடியிலிருந்தும் சப்தம் எழும்படி ஒலியை அமைத்தார். எண்ணற்ற கைபேசிகள் ஒன்று திரண்டு ராட்சதப் பறவையாகும் காட்சி சிறு திரையில் வெறும் சாம்பல் நிற மேகமாகவே தோன்றும். பெருந்திரையிலோ, இறகு இறகாக, ஒவ்வொரு கருவியும் தன் ஒளியோடு தனித்துத் தெரிகிறது.

ஆயினும் மறுமுறை பார்ப்பதன் மெய்யான பயன் இந்த ஆச்சரியத்துக்கு அப்பாலிருக்கிறது. படத்தின் தொடக்கத்திலேயே ஒரு முதியவர் கைபேசிக் கோபுரத்தில் ஏறி உயிர் துறக்கிறார். முதல் முறை அவர் நமக்கு அந்நியர். அடுத்து என்ன நிகழும் என்ற ஆவலில் அவரைக் கடந்துவிடுகிறோம். அவர்தான் அக்ஷய் குமார் நடித்த பட்சிராஜன் என்னும் பறவையியல் அறிஞர். அவரது வாழ்வு முழுவதையும் அறிந்தபின் அதே காட்சியைக் காணும்போது, சுற்றிப் படபடக்கும் சிறகுகளின் ஓசையே நெஞ்சை அடைக்கிறது. இப்படத்தின் ‘புள்ளினங்காள்’ பாடலை எழுதிய நா. முத்துக்குமார் படம் வெளிவருமுன்னரே, 2016-இல், மறைந்தார். பாடியவர்களுள் ஒருவரான பம்பா பாக்யா 2022-இல் மறைந்தார் என்னும் நினைவு அந்தச் சோகத்துக்கு மேலும் கனம் சேர்க்கிறது.

கைபேசிக் கதிர்வீச்சே பறவைகளைக் கொல்கிறது என்று படம் சொல்வதை விஞ்ஞானம் நிரூபித்துவிடவில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் ஆட்சேபம் தெரிவித்ததும் உண்டு. சிட்டுக்குருவி அருகியதற்கு அறிஞர்கள் கூறும் காரணங்கள் நம் கண்ணெதிரிலேயே இருக்கின்றன. ஓட்டு வீடும் இறவாணமும் போய்க் காங்கிரீட் வந்ததால் அது கூடு கட்டும் சந்துகள் மறைந்தன. குஞ்சுக்கு ஊட்ட வேண்டிய புழுபூச்சிகளை வயலில் தெளிக்கும் மருந்து அழித்துவிட்டது. காரணத்தில் படம் தவறியிருக்கலாம். பறவைக்காக வழக்காட ஒருவன் வேண்டும் என்ற அதன் தர்மாவேசத்தில் தவறில்லை. நெற்பயிர் விளையும் நாட்டார் இதை எளிதில் உணர்வர். இலைச்சுருட்டுப் புழுவைப் பொறுக்கித் தின்னக் கரிச்சான் வந்தமரட்டுமென்று வயலின் நடுவே பறவைத் தாங்கிகளை நட்டுவைக்கும் உழவர் இன்றும் இங்கே உள்ளனர்.

‘கில்லி’ 2024-இல் மீண்டும் திரைக்கு வந்து கொட்டகைகளை நிரப்பியதுபோல், இந்தப் படமும் தஞ்சைக்கு ஒருமுறை திரும்பி வர வேண்டும் என்பது என் விருப்பம். அவ்வாறு வந்தால், ஆசிரியர்கள் தம் மாணாக்கரை அதற்கு அழைத்துச் செல்வதோடு, மன்னார்குடிச் சாலையிலுள்ள வடுவூர் ஏரிக்கும் அழைத்துச் செல்லட்டும். 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அங்கீகாரம் பெற்ற அந்த ஏரிக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன. பட்சிராஜன் எவற்றுக்காக உயிர் துறந்தானோ அவற்றை நேரில் கண்ட குழந்தை, அவனை வெறும் வில்லனாக எண்ணாது.