பால் மெஷினில் டென்னிஸ் பழகுகிறீர்களா? ஆபத்தும் உரிமையும் அறிந்து ஆடுங்கள்

கூட ஆட ஆள் கிடைக்காத நாளிலும் டென்னிஸ் பழக உதவுவது பால் மெஷின். எதிரெதிராகச் சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு இடையே நுழையும் பந்து, நாம் வைத்த வேகத்தில் வெளியே பாயும். நல்ல கருவிதான். ஆனால், நீங்கள் தடுக்கி விழுந்தாலும் அது அடுத்த பந்தை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே பிள்ளைகளுக்காக வாங்கும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* டென்னிஸ் பந்து சுமார் 58 கிராம் எடை உள்ளது. வேகமாக வந்து கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். மெஷின் ஓடும்போது யாரும் அதன் முன்னால் போகக் கூடாது.
* பந்து சிக்கினால் சுவிட்சை அணைத்து, சக்கரம் முழுதாக நின்ற பிறகே கை வையுங்கள்.
* காலடியில் உருளும் பந்தை மிதித்தால் கணுக்கால் பிசகும். அவ்வப்போது பொறுக்கிவிடுங்கள்.
* ஓய்வின்றி ஒரே அடியை அடித்துக்கொண்டிருந்தால் 'டென்னிஸ் எல்போ' வரலாம். முழங்கை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.
* கடலும் உப்பளமும் சூழ்ந்த தூத்துக்குடியில் உப்புக்காற்று நட்டு, மோட்டார், பேட்டரி முனை எல்லாவற்றையும் அரிக்கும். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வீட்டுக்குள் வையுங்கள்.
* லித்தியம் பேட்டரியை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போடவே கூடாது.

உங்கள் உரிமைகள்

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பிழைப்புக்காகத் தானே பயிற்சி நடத்துபவரும் நுகர்வோர்தான்.

மெஷினின் குறைபாட்டால் காயம் பட்டால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தகுந்த எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் தராவிட்டாலும் அவர் பொறுப்பே. தயாரித்தவர் யாரென்றே தெரியாதபோது விற்றவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால், மெஷினை மாற்றியமைத்திருந்தால் விற்றவரிடம் கேட்க முடியாது. மலிவு என்று வேறு பேட்டரியை மாட்டி அந்த உரிமையை இழக்காதீர்கள்.

இறக்குமதிப் பொருளின் உறையில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டு இணையதளத்தில் நேரடியாக வாங்கினால், பழுதுக்கு இங்கே பொறுப்பேற்க ஆள் கிடைப்பது கடினம்.

பிரச்சினை வந்தால்

முதலில் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இணைய வணிகத் தளமென்றால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

வழக்கு நிற்பது ஆதாரத்தில்தான். பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுங்கள். பில், வாரண்டி அட்டை, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பழுதான மெஷினை உள்ளூர் மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுக்காமல், புகார் முடியும்வரை அப்படியே வைத்திருங்கள்.