மரக்காணத்துக் கரையும் நகரும் கடலடியும்

மரக்காணத்து உப்பளங்களுக்கு அப்பால் விரியும் வங்கக் கடலை, இந்திய நிலம் முடிந்த பிறகு தொடங்கும் வேறொரு பரப்பாகக் கருதுவது இயல்பு. நிலத்துக்கு ஒரு நிறமும் கடலுக்கு ஒரு நிறமும் தீட்டும் நிலப்படங்களும் அந்த எண்ணத்தையே வலுப்படுத்துகின்றன. புவியியலின் கணக்கிலோ இந்தக் கரை எதற்கும் எல்லையாக அமையவில்லை. உப்புப் பாத்திகளைத் தாங்கும் நிலமும், கிழக்கே மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் கிடக்கும் கடலடியும் ஒரே புவித்தட்டின் இரு பகுதிகளாக, ஒன்றோடொன்று ஒட்டியபடி ஒரே திசையில் நகர்கின்றன. அந்தத் தட்டின் கிழக்கு விளிம்பைக் காண வேண்டுமானால் மரக்காணத்திலிருந்து 1,200 கிலோமீட்டருக்கும் அப்பால், அந்தமான் தீவுகளை ஒட்டிய ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டும்.

புவியின் மேலோடும், அதற்குக் கீழே கவசம் எனப்படும் பாறை அடுக்கின் இறுகிய மேற்பகுதியும் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தடிப்புள்ள பெரும் பலகங்களாகப் பிளவுபட்டிருக்கின்றன; இவையே புவித்தட்டுகள். தட்டின் முதுகில் அமைந்த மேலோடு இரு வகைப்படும். கண்டங்களின் மேலோடு எடை குறைந்த பாறைகளால் ஆனது. அதன் தடிப்பு 35 கிலோமீட்டரைத் தாண்டும். கடலடி மேலோடு பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறையால் ஆனது. அடர்த்தி மிகுந்த இது ஏழு கிலோமீட்டர் அளவுக்கே தடித்திருக்கிறது. மரக்காணத்துக்கு மேற்கே செஞ்சியில் குவிந்து நிற்கும் குன்றுகளின் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. இதற்கு மாறாக, உலகப் பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறை அரிதினும் அரிது. கண்டம் நிலைக்கிறது, கடலடி பிறந்து அழிகிறது என்னும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்ற அனைத்தும் விளங்கத் தொடங்குகின்றன.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை மரக்காணத்துக்குக் கிழக்கே கடல் இல்லை. கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் இந்தியாவின் கீழ்க்கரையும் அண்டார்க்டிகாவும் ஒட்டிக் கிடந்தன. அந்த நிலம் இழுபட்டு மெலிந்து, நீண்ட பள்ளங்களாகச் சரிந்து, இறுதியில் பிளந்தது. சோழ மண்டலக் கரை முழுவதும் அந்தப் பிளவு விட்டுச்சென்ற தழும்புதான். இன்று எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்படும் காவிரிப் படுகை, அன்று சரிந்த பள்ளங்களில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வண்டல் நிரம்பியதால் உருவானது. புதுச்சேரிக்கு மேற்கேயுள்ள வழுதாவூர்ப் பகுதியில், அந்தப் புதுக்கடல் நிலத்தின் மேல் ஏறி நின்ற காலத்தின் அம்மோனைட்டு என்னும் சுருள் ஓட்டு உயிரினங்களின் புதைபடிவங்கள் பாறைகளில் கிடைக்கின்றன. இப்பகுதியில் கேய், கன்லிஃப் என்னும் இருவர் திரட்டிய படிவங்களை ஆராய்ந்து இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் எழுதிய அறிக்கையால், உலகப் புவியியல் நூல்களில் புதுச்சேரியின் பெயர் இடம்பெற்றது. கண்டங்கள் நகர்ந்தன என்று ஆல்ஃபிரட் வேகனர் 1912இல் சொல்வதற்கு முன்பே அதற்கான தடயம் ஒன்று இங்கே மக்களின் காலடியில் கிடந்திருக்கிறது.

பிளந்த இடைவெளியில் புதிய தரை உருவான முறை இன்றும் நடுக்கடல் மலைத்தொடர்களில் தொடர்கிறது. இரு தட்டுகள் விலகும்போது அவற்றுக்குக் கீழுள்ள கவசப் பாறை மேலே எழுகிறது. எழ எழ அழுத்தம் குறைவதால், கூடுதல் வெப்பம் ஏதுமின்றியே அதன் ஒரு பகுதி உருகிப் பாறைக்குழம்பாகி, பிளவில் புகுந்து இறுகுகிறது. அடுத்த விலகலில் அதுவும் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் ஒதுங்க, நடுவில் மீண்டும் புதுப்பாறை பிறக்கிறது. மலைமுகட்டில் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் இளந்தரை, விலகிச் செல்லச் செல்லக் குளிர்ந்து, சுருங்கி, ஐந்தாறு கிலோமீட்டர் ஆழம் வரை தாழ்கிறது. இக்கருத்தை ஹாரி ஹெஸ் 1962இல் முன்வைத்தபோது அதற்குச் சான்று குறைவாகவே இருந்தது. அச்சான்றைத் தந்ததில் இந்தியப் பெருங்கடலுக்குப் பெரும் பங்கு உண்டு: அரபிக்கடலுக்குத் தெற்கேயுள்ள கார்ல்ஸ்பர்க் மலைத்தொடரின் மேல் ‘ஓவன்’ என்னும் பிரித்தானியக் கப்பல் 1962இல் எடுத்த காந்த அளவீடுகளைக் கொண்டே ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூசும் 1963இல் தம் விளக்கத்தை வெளியிட்டனர். இறுகும் பசால்ட் அந்நாளைய புவிக்காந்தத்தின் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. புவிக்காந்தமோ காலந்தோறும் வடக்கு தெற்காகத் தலைகீழாக மாறுகிறது. எனவே மலைத்தொடரின் இருபுறமும் ஒத்த காந்தப் பட்டைகள் வரிசையாக அமைகின்றன என்பது அவர்களின் விளக்கம்.

வங்கக் கடலில் மட்டும் இந்தப் பட்டைகளைப் படிப்பது மிகக் கடினம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை புவிக்காந்தம் தலைகீழாகவே இல்லை. வங்கக் கடலடியின் பெரும்பகுதி அந்த நெடிய அமைதிக் காலத்தில் பிறந்தது. போதாக்குறைக்கு, இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொணர்ந்த வண்டல், உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறியாக அதன்மேல் பல கிலோமீட்டர் தடிப்பில் படிந்து, நிலநடுக்கோட்டையும் தாண்டித் தெற்கே நீண்டிருக்கிறது. மரக்காணத்துக்கு நேர் கிழக்கேயுள்ள கடலடியின் வயதை ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துவருவதற்குக் காரணம் இதுவே.

உப்பளத்துக்கும் இந்தக் கடலடிப் பிறப்புக்கும் உள்ள உறவு நேரடியானது. ஆனால் அது பேசப்படுவதே இல்லை. கடல்நீரின் உப்புகளில் ஏறக்குறைய 85 விழுக்காடு சோடியமும் குளோரைடும். பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியாகச் சோடியம் வந்தது. குளோரைடு பெரும்பாலும் புவியின் உட்புறத்திலிருந்து எரிமலை வாயுக்களோடு வெளியேறியது. ஆறுகள் மக்னீசியத்தையும் ஓயாமல் கடலில் சேர்க்கின்றன. அது ஏன் அளவின்றிப் பெருகவில்லை என்ற கேள்விக்கு, கலபகோஸ் தீவுகளுக்கு அருகே 1977இல் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள் கண்டறியப்பட்ட பிறகே தெளிவான விடை கிடைத்தது. மலைத்தொடரின் வெடிப்புகளில் இறங்கும் கடல்நீர், சூடான பசால்ட்டைத் தொட்டு 350 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறி, தன் மக்னீசியத்தைப் பாறையிடம் விட்டு, சுண்ணாம்பின் அடிப்படையான கால்சியத்தையும் இரும்பு, செம்பு போன்ற உலோகங்களையும் ஏற்றுக்கொண்டு வெளியேறுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுக் கால அளவில் பார்த்தால், உலகின் கடல்நீர் முழுவதும் இந்த வெடிப்புகளின் வழியே மீண்டும் மீண்டும் சென்று திரும்பியிருக்கிறது. உப்பளப் பாத்தியில் நீரின் அடர்த்தி, உப்புச் செறிவைக் காட்டும் போமே அளவையில் 25 டிகிரியை எட்டும்போது சோற்றுப்பு படிகிறது. உப்பை வாரிய பின் எஞ்சும் நீர் கசப்பதற்குக் காரணம் அதிலுள்ள மக்னீசியம். கடலடி புதிது புதிதாகப் பிறக்காவிட்டால் அந்தக் கசப்பு இன்னும் பன்மடங்கு மிகுந்திருக்கும். சென்னையின் தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் இணைந்து, இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் இத்தகைய ஊற்று ஒன்றைப் படமெடுத்த செய்தி 2024 டிசம்பரில் வெளியானது. இந்தியக் கடல் ஆய்வு பெருமைகொள்ளத்தக்க நிகழ்வு அது.

பிறந்த தரை நகர்ந்த தடமும் கடலடியில் எழுதப்பட்டிருக்கிறது. கவசத்திலிருந்து பாறைக்குழம்பு ஓரிடத்தில் எழும் கெர்குலன் என்னும் வெப்பப் புள்ளியின் மேலாக இந்தியத் தட்டு வடக்கே விரைந்தபோது அடுத்தடுத்து எழுந்த எரிமலைகள், 90 பாகைக் கிழக்கு நெட்டாங்கை ஒட்டிச் சுமார் 5,000 கிலோமீட்டர் நீள மலைவரிசையாக இன்றும் நீருக்கடியில் நிற்கின்றன. ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல் ஓடிய தட்டு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவோடு மோதியபின் வேகம் குறைந்து, இன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது.

அந்த நகர்வு அந்தமான்–சுமத்ரா விளிம்பில் முடிகிறது. குளிர்ந்து கனத்த கடலடி அங்கே பக்கத்துத் தட்டின் கீழே செருகி, கவசத்துக்குள் இறங்குகிறது. அதன் விளைவாகவே அந்தமானின் பாரன் தீவு எரிமலை கனன்றுகொண்டிருக்கிறது. செருகும் பரப்பு வழுக்கிச் செல்லாமல் பிடித்துக்கொள்ளும்போது மேல்தட்டின் விளிம்பு வளைந்து, பல நூற்றாண்டுத் திரிபைச் சேமிக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை அந்தப் பிடி 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு விட்டுப்போனது, 9.1 அளவிலான அந்த நிலநடுக்கத்தில் கடலடி செங்குத்தாக எழுந்து மேலிருந்த நீரைத் தள்ளியது. சுமார் இரண்டரை மணி நேரத்துக்குள் பேரலை தமிழகக் கரையை அடைந்து, மரக்காணம் உள்ளிட்ட விழுப்புரம் மாவட்ட மீனவர் ஊர்களிலும் உயிர்களைப் பறித்தது. அந்த இடைவெளியில் ஓர் எச்சரிக்கை வந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும். எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007இல்தான் இயங்கத் தொடங்கியது.

விளிம்பிலிருந்து தொலைவில் இருப்பதால் தட்டின் உட்பகுதி முற்றிலும் அசைவற்றது என்று கொள்ள முடியாது. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பாலுள்ள கடலடியில் சுமார் 5.5 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னை வரை உணரப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே, தட்டின் உள்ளேயே 8.6 அளவில் ஒரு நடுக்கம் நேர்ந்தது. சென்னையில் கட்டடங்கள் அதிர்ந்தன, எச்சரிக்கை விடுக்கப்பட்டது, கடலோர மக்கள் மேட்டுநிலங்களுக்குச் சென்றனர். பேரலை வரவில்லை, அன்று கடலடிப் பாறைகள் மேலெழாமல் பக்கவாட்டில் உராய்ந்து விலகியதால், மேலிருந்த நீர் பெரிதாகத் தள்ளப்படவில்லை.