அலைகளுக்கு அடியில் ஒரு சமாதி

தெளிந்த கடலையும் பவளப்பாறைகளையும் காண விழைவோர் பெரும்பொருள் செலவிட்டு மாலைதீவுக்குச் செல்கின்றனர். ஆனால், நம் வீட்டு வாயிலிலேயே கிடக்கும் கடலை நம்மிற் பலர் அறியோம்.

மண்டூர், மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் உள்ளது. ஓடமேறிக் குருமண்வெளித் துறையில் இறங்கினால் எழுவான்கரை, அதற்கப்பாற் பெருங்கடல். அக்கரையோரமாக வடக்கே சென்றால் மட்டுநகர். அந்நகருக்கு எதிரே, கடலடியில், 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் துயில்கின்றது.

விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிடப்பட்ட உலகின் முதற் கப்பல் இது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள், திருகோணமலையிலிருந்து வெளியேறியிருந்த இக்கப்பலை யப்பானிய விமானங்கள் தாக்கின. எதிர்த்துப் பறக்க அதனிடம் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அரை மணிக்குள் அது மூழ்கியது. 307 பேர் மாண்டனர். 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரை மீட்டது.

இன்று கடல் அமைதியாகவுள்ள மாதங்களில் உலகின் பல பாகங்களிலிருந்தும் சுழியோடிகள் இதனைக் காண வருகின்றனர். இஃது எளிய விளையாட்டன்று. கப்பல் கிடப்பது 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில். பொழுதுபோக்காகச் சுழியோடுவோர்க்கு வகுக்கப்பட்ட எல்லையோ 40 மீற்றரே. அவ்வாழத்தில் உடலை அழுத்தும் விசை, கரையில் உள்ளதைப் போல் ஆறு மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் உடலிற் கரைகின்றது. விரைந்து மேலெழுந்தால், திறந்த சோடாப் போத்தலிற் போல, அது உடலுக்குள்ளேயே குமிழிகளாகிவிடும். ஆதலின் தேர்ந்த பயிற்சியுடையோரும் இடையிடையே தரித்து, மெல்ல மெல்லவே எழுவர்.

பயிற்சியினும் மேலான தகுதியொன்றும் உண்டு. மாண்டவருட் பலருக்கு அக்கப்பலே கல்லறை. பொழுதுபோக்க வருவோர் அங்கிருந்து ஒரு பித்தளைத் துண்டைத்தானும் நினைவுப் பொருளென எடுத்தல் தகுமோ?

மண்டூர் முருகன் ஆலயத்திலே கப்புகர் வாயைத் துணியாற் கட்டி, மந்திரமின்றி மௌனமாகப் பூசை செய்வதை நாம் அறிவோம். கடலடியிற் சுழியோடியும் பேச இயலாது. அம்மௌனத்தை அவர் வணக்கமாகக் கொள்வாராக; கண்ணாற் கண்டு, வெறுங்கையோடு மீள்வாராக. கரையில் நிற்கும் நாமும், அலையைக் காட்டி நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லி வைப்போம்.