நாணயம் சுண்டினார், நாற்பதாண்டு எண்ணினார்!

தலையா, பூவா?

சுண்டிய நாணயம் சுழன்று விழுகிறது. ஒரு கூட்டம் குழந்தைகள் பள்ளிக்கு. மறு கூட்டம் வீட்டுக்கு! மூன்று வயதுப் பாலகரை வைத்துக்கொண்டு இதென்ன சூதாட்டம் என்று சீறத் தோன்றுகிறதல்லவா, தோழர்களே? எனக்கும் தோன்றிற்று. சீற்றத்தைச் சற்றே ஒத்திவைத்துக் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில், மோட்டார் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகருக்கு மேற்கே, இப்சிலான்டி என்றோர் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானங்களைச் செய்து குவித்த தொழிற்சாலை அதன் அருகேதான் இருந்தது. பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள் அங்கே வாழ்ந்தனர். அவ்வூர்ப் பள்ளிகளில், பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனிக்கல்விப் பிரிவின் பொறுப்பிலே இருந்தவர் டேவிட் வைகார்ட். 1931ல் ஓஹாயோவிலே பிறந்த வெள்ளையர். உளவியல் மாணவர், முனைவர் பட்டம் கைக்கு வந்ததோ 1966ல்தான்.

பதிவேடுகளைப் புரட்டினார். கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகத் தோற்கிறார்கள். மந்தபுத்தி என்று முத்திரை குத்தித் தனி அறைக்குத் தள்ளப்படுகிறார்கள். தலைமையாசிரியர்களைக் கூட்டினார். கணக்கைக் காட்டினார். முறையை மாற்றுவோம் என்றார். அசைந்தார்களா? இல்லை! பிள்ளைகளின் பிறப்பே அப்படி, பள்ளி என்ன செய்யும் என்ற நினைப்பு அங்கே வேரோடிக் கிடந்தது.

முன்வாசல் மூடியிருந்தது, வைகார்ட் பக்கத்து வழியைப் பார்த்தார். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் இன்னும் எந்தப் பள்ளியின் ஆட்சிக்கும் உட்படாதவர்கள் அல்லவா? அவர்களிடமிருந்தே தொடங்குவோம் என்றார். பெரி தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர் சார்லஸ் யூஜின் பீட்டி, கறுப்பினத்தவர், துணை நின்றார். 1962ல் வகுப்பு பிறந்தது.

அப்போதும் அறிஞர் சிலர் அச்சுறுத்தினர்: இத்தனை சிறு வயதில் பாடமா? பிள்ளைகளுக்கே தீங்காக முடியும் என்று! நன்மையா, தீமையா? அன்று அறுதியிட்டுச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் நாணயம்! அவரே பொறுக்கியிருந்தால், கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்துகொண்டான் என்று நாளை நாக்கு நீளுமே! ஆகவே, தேர்வு மதிப்பிலே ஒத்த பிள்ளைகளை இரு கூறாக்கி, எந்தக் கூறு வகுப்புக்கு என்பதை நாணயத்திடம் விட்டார். மொத்தம் 123 பேர். வகுப்புக்கு வந்தவர் 58, வராதவர் 65.

வகுப்பிலே நடந்தது என்ன? காலையில் இரண்டரை மணி நேரம். இன்று என்ன செய்யப்போகிறாய் என்று குழந்தையைக் கேட்பார்கள். அது சொல்லும், செய்யும், செய்ததைத் திரும்பச் சொல்லும். பிரம்பு இல்லை, மனப்பாடம் இல்லை. வாரந்தோறும் ஆசிரியை அந்த வீட்டுக்கே போய், தாயையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் கற்பிப்பார். கூலிக்காரன் வீட்டுப் படியேறிய ஆசிரியை! அவர்களில் ஒருவர் ஈவ்லின் மூர் என்னும் கறுப்பினப் பெண்மணி. பின்னாளில் கறுப்பினக் குழந்தைகளின் வளர்ச்சிக்கான தேசிய நிறுவனத்தை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்தியவர்.

பலன்? ஐந்தாம் வயதில், அறிவளவு 90க்கு மேல் எட்டியவர்கள் வகுப்புக்கு வந்தோரில் 100க்கு 67, வராதோரில் 28. வெற்றி, வெற்றி என்ற முழக்கம்! ஆனால் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தால், இரு கூட்டமும் ஒன்றே! ஏறிய எண் இறங்கிவிட்டது.

வந்தது 1969. அதிபர் ஜான்சன் 1965ல் நாடெங்கும் ஏழைக் குழந்தைகளுக்குத் தொடங்கிய 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தின் பயன் நிலைக்கவில்லை என்று வெஸ்டிங்ஹவுஸ் அறிக்கை வெளிவந்தது. அறிவு பெரும்பாலும் பிறப்பு வழியே வருவது என்று ஆர்தர் ஜென்சன் என்ற பேராசிரியர் நீண்ட கட்டுரை தீட்டினார். பிறகென்ன? பணம் பாழ் என்றனர். பழைய பல்லவியைப் புதிய ஏட்டிலே பாடினர்!

வைகார்ட் கடையைக் கட்டவில்லை. 1970ல் ஹைஸ்கோப் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த 123 பேரையும் விடவில்லை. பதினான்கில் கேட்டனர், பத்தொன்பதில் கேட்டனர், இருபத்தேழில், நாற்பதில். எண் மறைந்ததே தவிர, பிள்ளை மறையவில்லை! பதினான்கு வயதுப் பாடத் தேர்வில் வகுப்புக்கு வந்தவர்களே முந்தினர். நாற்பதாம் வயதில் பார்த்தால், உயர்நிலைப் பள்ளி முடித்தவர் இங்கே 100க்கு 77, அங்கே 60. ஆண்டு வருமானத்தின் நடு அளவு இங்கே 20,800 டாலர், அங்கே 15,300. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர் இங்கே 36, அங்கே 55.

போட்ட டாலர் பன்மடங்காய்த் திரும்பியது என்கிறார்கள். அதில் பெரும்பங்கு, குற்றம் குறைந்ததால் மிஞ்சிய பணம். ஒருவன் சிறைக்குப் போகாததை டாலரில் எண்ணும் கணக்கு எனக்கு உவப்பில்லை. என் செய்வது, கஜானாக்காரன் காதுக்கு அந்த மொழிதானே எட்டுகிறது! ஓர் ஊர், 123 பேர், இது போதுமா என்று கேட்பாரும் உண்டு. கேட்கட்டும், நியாயமான கேள்விதான்.

நாற்பதாம் வயது அறிக்கை அச்சேறுமுன், 2003 டிசம்பரில், வைகார்ட் கண்மூடினார். எண்ணிக்கை நிற்கவில்லை. நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் கணக்கைத் தொடர்ந்தார்; 2019ல் அந்தப் பிள்ளைகள் பெற்ற பிள்ளைகளிடமும் நன்மை தெரிவதாக எழுதினார்.

நாணயம் கைவிட்ட அந்த 65 பேர்? வகுப்பிலே ஒரு நாளும் உட்காராதவர்கள். அவர்களையும் நாற்பதாண்டுகள் தேடிச் சென்று கேட்டார்கள். அவர்களும் விடை சொன்னார்கள். அவர்கள் சொல்லியிராவிட்டால், 58 பேருக்கு அந்த வகுப்பு என்ன தந்தது என்பதை எவராலும் எண்ணியிருக்க முடியாது.