பிச்சாவரத்தில் பழுப்பாகும் கறுப்புச் சட்டை

சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள பிச்சாவரம் சினிமாக்காரர்களுக்குப் புதிய இடமல்ல. எம்.ஜி.ஆர். நடித்து 1975-இல் வந்த 'இதயக்கனி' அந்தச் சுரபுன்னைக் காட்டில் படமானது. ஃபிலிமில் எடுத்த அவர்களுக்கு இல்லாத ஒரு தலைவலி, டிஜிட்டல் கேமராவோடு படகில் ஏறுகிறவர்களுக்கு உண்டு. நாயகனின் கறுப்புச் சட்டை மானிட்டரில் செம்பழுப்பாகத் தெரியும்.

காரணம் அகச்சிவப்பு. நம் கண்ணுக்குத் தெரிவது சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி. கேமராவின் சிலிக்கான் சென்சார் 1,100 வரை உணரும். அதனால் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைத்தே கேமராவை விற்கிறார்கள். ஆனால் ஒட்டத் தடுத்தால் நல்ல சிவப்பும் அடிபடும். எனவே 700-ஐ ஒட்டிக் கொஞ்சம் கசிய விடுவார்கள். சாதாரணமாக அந்தக் கசிவு கண்ணில் படாது.

வெளிச்சத்தைக் குறைக்கப் போகும்போதுதான் வம்பு தொடங்குகிறது. கடலூர் சில்வர் பீச்சில் உச்சி வெயில் என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 800, ஷட்டர் வேகம் விநாடியில் 48-இல் ஒரு பங்கு. பின்னணி மங்கலாக வேண்டுமென்று லென்ஸை எஃப்/2.8-இல் திறந்தால், வெளிச்சத்தை ஒன்பது ஸ்டாப், அதாவது ஒன்பது முறை பாதியாக, குறைக்க வேண்டியிருக்கும். 512-இல் ஒரு பங்கு போதும். அதற்காகத்தான் என்டி ஃபில்டர் என்ற சாம்பல் நிறக் கண்ணாடி. 0.3 என்று எழுதியிருந்தால் ஒரு ஸ்டாப், 0.9 என்றால் மூன்று, 2.1 என்றால் ஏழு.

சாயம் ஏற்றிய சாதாரண என்டி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் ஒழுங்காகக் குறைக்கும். அகச்சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். சிறு மீனைப் பிடித்துப் பெரிய மீனை விட்டுவிடும் விசித்திர வலை அது! 2.1 போட்டால் நல்ல ஒளி 128-இல் ஒரு பங்காகும். கசிவு ஏறக்குறைய அப்படியே நிற்கும். திறந்த லென்ஸ் வழியே வரும் அந்தக் கசிவு இப்போது படத்தில் நிறமாகவே பதியும்.

முதலில் மாட்டுவது கறுப்புத் துணி. கண்ணுக்குக் கரியாய்த் தெரியும் சாயங்கள் பல, அகச்சிவப்பை நன்றாகவே திருப்பி அனுப்புபவை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஐயப்ப பக்தர்களின் வேட்டிகளில் ஒன்று கறுப்பாகவும் மற்றொன்று பழுப்பாகவும் பதியலாம். டிஐ என்னும் நிறத்திருத்தக் கட்டத்தில் கலரிஸ்ட் சரிசெய்யட்டும் என்று தள்ளிவிடவும் முடியாது. பழுப்பை இழுத்தால் முகத்தின் நிறமும் கூடவே நகரும்.

பசுமையான இலையும் அகச்சிவப்பை அள்ளி வீசும். செயற்கைக்கோள்கள் சுரபுன்னைக் காடுகளின் பரப்பை அளப்பதே அதை நம்பித்தான். 1995-இல் ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோள் ஐஆர்எஸ்-1சி-யின் கேமராவில் அதற்கென்றே ஓர் அலைவரிசை இருந்தது. விஞ்ஞானிக்கு வரம், கேமராமேனுக்குத் தொல்லை.

2007-இல் ரெட் ஒன் கேமரா வந்தபின் இந்தச் சிக்கல் பரவலாகப் பேசப்பட்டது. அதற்குத் தீர்வாக வந்தவைதான் ஐஆர்-என்டி ஃபில்டர்கள். சில அகச்சிவப்பைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகின்றன. அகன்ற லென்ஸில் ஓரங்களில் நிறம் மாறுவது அவற்றின் குறை. மெல்லிய உலோகப் பூச்சுள்ளவை இரு ஒளியையும் ஒரே அளவில் குறைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு அவையே நம்பகமானவை.

கேமராவையும் ஃபில்டரையும் வாடகைக்கு எடுப்பவர்கள் ஒன்று செய்யலாம். படத்தில் வரப்போகும் கறுப்புத் துணிகளை வெயிலில் விரித்து, அதே கேமராவில் அதே ஃபில்டரோடு ஒரு ஷாட் எடுத்துப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் ஃபில்டரையோ துணியையோ அன்றே மாற்றிவிடுங்கள்.