பழைய ஜீப்புக்குப் புஜபலம்

பழைய ஜீப் ஓட்டப் பழக்குகிறவர்கள் கிளட்சுக்கும் கியருக்கும் முன்னால் சொல்லித்தருவது கட்டை விரலைப் பற்றித்தான். ஸ்டீயரிங்கை இறுகச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற நான்கு விரல்களோடு கட்டை விரலையும் வெளிவிளிம்பிலேயே வை என்பார்கள். முன்சக்கரம் ஒரு கல்லில் பக்கவாட்டாக இடித்தால் அந்த உதை டை ராடு, டிராக் லிங்க், ஸ்டீயரிங் பாக்ஸ் என்று மேலேறி வந்து ஸ்டீயரிங்கை வெடுக்கென்று சுழற்றிவிடும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் விரலை அதன் ஆரக்கம்பி வந்து அடிக்கும். இப்படி விரல் முறிந்தவர்கள் கரடுமுரடான பாதைகளில் ஓட்டுகிறவர்களிடையே உலகமெங்கும் உண்டு.

தரையிலிருந்து கைக்கு வரும் வழியில் குறுக்கே எதுவும் இல்லை. கையிலிருந்து தரைக்குப் போகும் வழியும் அதுவேதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அப்படியொரு வண்டியில் ஏறி இறங்கினவருக்கு மறுநாள் தோள்பட்டை நினைவூட்டும். பழைய மகிந்திரா ஜீப்போ மாருதி ஜிப்ஸியோ வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் பவர் ஸ்டீயரிங் மாட்டலாமா என்பதில் வந்து நிற்பது இதனால்தான். மாட்டலாம். ஆனால் அந்தப் பலம் எங்கிருந்து வந்து எந்த உறுப்பின்மேல் இறங்குகிறது என்று தெரிந்துகொண்டு மாட்ட வேண்டும்.

முதலில், ஸ்டீயரிங் ஏன் கனக்கிறது? டயர் தரையைத் தொடும் இடம் ஒரு புள்ளியல்ல, ஒரு திட்டு. நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் அந்த ரப்பர்த் திட்டு முழுவதையும் தரையோடு தேய்த்துத் திருகுகிறோம். சக்கரம் உருளத் தொடங்கியதும் திட்டு நொடிக்கு நொடி புதுப்பிக்கப்படுவதால் திருகும் வேலை வெகுவாகக் குறைந்துவிடும். ‘வண்டி நகர்ந்த பிறகு ஒடி’ என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதில் முழுக்க முழுக்க இயற்பியல் இருக்கிறது. இன்னொரு காரணம், சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறது என்பது. அந்த அச்சான கிங்பின்னின் சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டினால் அது டயரின் நடுவில் படாது, சற்று உட்புறமாகப் படும். இந்த இடைவெளி கூடக் கூட ஒவ்வொரு கல்லும் சக்கரத்தைத் திருப்பிவிடும் பலமும் கூடும்.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இருந்த டயர் 6.00-16. அகலம் சுமார் 15 சென்டிமீட்டர்தான். கைப்பலத்தை மட்டும் நம்பிய வண்டிக்கு ஒல்லி டயர் போட்டது கணக்குத் தெரிந்தவர்கள் செய்த வேலை. 1940களின் இறுதியில் அந்த ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய மகிந்திராவின் பழைய வண்டிகளும் இதே வம்சம்தான். இன்று அவற்றை வாங்குகிறவர்கள் முதலில் செய்வது 235 மில்லிமீட்டர் அகல மண் டயரைப் போட்டு, வெளித்தள்ளிய ரிம்மையும் மாட்டுவது. திட்டு அகலமாகிறது, கிங்பின் கோட்டுக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள இடைவெளியும் கூடுகிறது. பிறகு ஸ்டீயரிங் கனக்கிறது என்று புலம்பல். பவர் ஸ்டீயரிங் கேட்டு வருகிற வண்டிகளில் பாதிக்குப் பழைய அளவு டயரே மருந்து என்பது என் எண்ணம். யாரும் கேட்கப் போவதில்லை, அழகு முக்கியம்.

கைப்பலத்தைக் கூட்ட அந்தக் காலப் பொறியாளர்களிடம் இருந்த முக்கிய வழி பல்விகிதம். ஸ்டீயரிங்கை அதிகச் சுற்றுகள் சுற்றவைத்து, சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருப்புவது. கனம் குறையும், ஆனால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாலு சுற்று, ஐந்து சுற்று என்று கை ஓயாமல் சுற்ற வேண்டும். லாரிகளில் இந்த வழி எல்லையைத் தொட்டுவிட்டது. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் எண்ணெய் அழுத்தத்தைத் துணைக்கழைத்து 1926-இல் தம் கருவியை ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு சேர்ந்து சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, பொருளாதாரப் பெருமந்தத்தின்போது செலவு கட்டாது என்று 1934-இல் ஒதுங்கிக்கொண்டது. அதைப் போர்தான் மீட்டது: கவசம் பூண்ட கனரக வண்டிகளைத் திருப்ப மனிதக் கை போதவில்லை. 1951-இல் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் அதைப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. சொகுசு காருக்கு வந்த வசதி காட்டு வண்டிக்கு வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. லேண்ட் ரோவரின் சீரிஸ் வண்டிகள் 1948-இல் தொடங்கிக் கடைசிவரை கைப்பலத்தில்தான் ஓடின. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ மலைக்கு ஏறும் பழைய லேண்ட் ரோவர்களை ஓட்டுகிறவர்களின் முன்கையைப் பார்த்தாலே தெரியும்.

எண்ணெய் வகை பவர் ஸ்டீயரிங்கின் சாமர்த்தியம் முழுவதும் ஒரு மெல்லிய எஃகுக் கம்பியில் இருக்கிறது. ஸ்டீயரிங் தண்டும் பாக்ஸுக்குள் இருக்கும் புழுப்பல்லும் நேரடியாக இணைவதில்லை. இடையில் இந்தக் கம்பி இருக்கிறது. நீங்கள் ஒடிக்கும்போது சக்கரம் எதிர்ப்பதால் கம்பி ஓரிரு பாகை முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரு உருளை வால்வுகள் சற்றே விலகி, இஞ்சின் சுழற்றும் பம்பிலிருந்து வரும் எண்ணெயைப் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்குத் திறந்துவிடும். சக்கரம் திரும்பியதும் முறுக்கு தளரும், வால்வு மூடிக்கொள்ளும். மெதுவாக ஒடித்தால் கொஞ்சம் உதவி, பலமாக ஒடித்தால் நிறைய உதவி. கணினி ஒன்றும் இல்லை, ஒரு கம்பியின் முறுக்குதான்.

அந்த உதவி எவ்வளவு என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். இந்தப் பம்புகள் உச்சத்தில் 1,000 முதல் 1,500 பிஎஸ்ஐ வரை அழுத்தம் தருகின்றன. டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பிஎஸ்ஐ. ஏழு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிஸ்டன் என்று வைத்துக்கொண்டால், 1,150 பிஎஸ்ஐ அழுத்தத்திலேயே அதன் முகத்தில் விழும் விசை மூன்று டன்னைத் தாண்டும். மனிதக் கை இதற்கு அருகில்கூட வராது.

இங்கேதான் விஷயத்தின் கரு. கைப்பல வண்டியில் ஓட்டுநரின் கைதான் ஃப்யூஸ். பாறையிடுக்கில் சக்கரம் சிக்கினால் கை தோற்றுவிடும், வண்டி நிற்கும், ரிவர்ஸ் எடுப்பீர்கள். டை ராடு, பந்து மூட்டு, பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட், சேஸ் எல்லாமே கை தோற்கும் எல்லைக்கு அளந்து செய்யப்பட்டவை. பவர் ஸ்டீயரிங் அந்த ஃப்யூஸை எடுத்துவிட்டு நேராகக் கம்பியைச் சொருகுகிறது. சக்கரம் சிக்கினாலும் விரல் நுனியால் ஒடிக்கலாம். வரிசையில் அடுத்துப் பலவீனமானது எதுவோ அது போகும். டை ராடு வளையலாம், பந்து மூட்டு கழன்றுகொள்ளலாம். ஜீப்புகளில் பேர்போனது, பாக்ஸ் அமர்ந்திருக்கும் இடத்தில் சேஸ் விரிசல் விடுவது. பாக்ஸ் சக்கரத்தைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் அதே விசையில் சேஸைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஏட்டில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே தகட்டைக் கிழிக்கிறது.

ஆகவே நல்ல மெக்கானிக் பாக்ஸை வாங்கும் முன் சேஸைப் பார்ப்பார். உள்ளே தகடு வைத்துப் பெட்டியாக மூடுவது, போல்ட் துளைகளில் குழாய் செருகி வெல்டிங் வைப்பது, பாக்ஸிலிருந்து எதிர்ப்புறச் சேஸுக்கு ஒரு தாங்குகம்பி இழுப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வேலைக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் பவர் ஸ்டீயரிங்கை மறந்துவிடலாம்.

பாகங்கள் கிடைப்பது கடினமல்ல. சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் கழற்றிய பாக்ஸும் பம்பும் வேண்டிய மட்டும் கிடக்கும். அவற்றைப் பொருத்துவதில்தான் மூளை வேண்டும். பம்புக்கு இஞ்சினில் இடம் பார்த்துத் தடித்த தகட்டில் தாங்கி செய்ய வேண்டும். கிராங்க் புல்லியும் பம்பு புல்லியும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் பெல்ட் கத்திக்கொண்டே இருந்து ஒருநாள் கழன்று ஓடும். பாக்ஸிலிருந்து டிராக் லிங்க்கை இழுத்துத் தள்ளும் பிட்மேன் கை எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேறு அமைப்புள்ள வண்டியின் பாக்ஸைத் திருப்பி மாட்டினால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்கும்போது வண்டி இடப்பக்கம் போகும். சிரிப்பாக இருக்கலாம், ஷெட்டைவிட்டு வெளியே எடுக்கும்வரை.

டிராக் லிங்க்கின் சாய்வு இன்னும் நுட்பமானது. முன்பட்டை ஸ்பிரிங் அமுங்கி எழும்போது அச்சு ஒரு வளைவில் நகர்கிறது, டிராக் லிங்க்கின் முனை வேறொரு வளைவில் நகர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒடிக்காமலேயே வண்டி ஒடியும். பாக்ஸை இரண்டு அங்குலம் மேலே வைத்துவிட்டாலே இந்த நோய் வரும். உயரத் தூக்கிய வண்டிகளில் கேட்கவே வேண்டாம். பாக்ஸின் நடுநிலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இவ்வகைப் பாக்ஸ்களின் பற்கள் நட்டநடுவில் சற்று இறுக்கமாகப் பிடிக்கும்படி கடையப்பட்டிருக்கும். சக்கரங்கள் நேராக நிற்கும்போது பாக்ஸும் அந்த நடுவில் இருக்க வேண்டும். ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதே என்று ஸ்டீயரிங்கை மட்டும் கழற்றித் திருப்பி மாட்டுகிறவர்கள் உண்டு. பார்வைக்கு நேராகிவிடும், வண்டி நெடுஞ்சாலையில் அலைந்துகொண்டிருக்கும்.

எண்ணெய் ஊற்றியதும் இஞ்சினை முடுக்கக் கூடாது. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இஞ்சின் அணைந்திருக்க, கோடிக்குக் கோடி மெதுவாகப் பலமுறை ஒடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் நுரைத்தால் இன்னும் காற்று இருக்கிறது.

ஜிப்ஸிக்காரர்களின் பாதை வேறு. 1985-இல் இந்தியாவுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் விற்ற அந்த வண்டி கடைசிவரை கைப்பலத்திலேயே இருந்தது. இதில் வேடிக்கை, மின்மோட்டார் வகை பவர் ஸ்டீயரிங்கை 1988-இல் முதன்முதலாகத் தன் சின்னஞ்சிறு செர்வோ காரில் கொடுத்ததே சுசுகிதான். இப்போது சிறிய மாருதி கார்களிலிருந்து கழற்றிய மின் ஸ்டீயரிங் தண்டுகளை ஜிப்ஸிக்குள் பொருத்துவது பரவலாகிவிட்டது. பம்பு வேண்டாம், பெல்ட் வேண்டாம், எண்ணெய் ஒழுக்கு இல்லை. மோட்டார் டேஷ்போர்டுக்கு அடியில் இருப்பதால் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் எளிதில் எட்டாது.

இதிலும் சுமை ஓர் இடத்தில் இறங்கத்தான் செய்கிறது, இடம்தான் வேறு. எண்ணெய் வகையில் கூடுதல் விசை பாக்ஸுக்குள் பிறக்கிறது, மேலே உள்ள தண்டுக்கு வேலை குறைவு. மின் வகையில் விசை மேலே பிறந்து, தண்டு, சிலுவை மூட்டு, பழைய பாக்ஸின் பற்கள் வழியாக இறங்க வேண்டும். கைக்கு அளந்த பற்கள் மோட்டாருக்கு அடி வாங்குகின்றன. முன்பே ஆட்டம் கண்ட பாக்ஸாக இருந்தால் சீக்கிரம் போய்விடும். மோட்டார் உச்சத்தில் 40, 50 ஆம்பியர் வரை இழுக்கும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தே 10 ஆம்பியர்தான் இழுக்கும். பழைய டைனமோவோ களைத்த ஆல்டர்னேட்டரோ இதைத் தாங்காது. வேகத் தகவலும் ஒரு சிக்கல். காரில் வேகம் கூடக் கூட உதவியைக் குறைக்கும்படி அதன் மின்பெட்டிக்குச் செய்தி போகும். ஜிப்ஸியில் அந்தச் செய்தி இல்லாததால் பெட்டி ஏதோ ஒரு நடுத்தர உதவியில் நின்றுவிடும், அல்லது ஒரு திருகுப் பொத்தான் வைத்துக் கையால் கூட்டிக் குறைப்பார்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் பஞ்சாக இருப்பது வசதி அல்ல, ஆபத்து.

நீளம் போதவில்லை என்று ஸ்டீயரிங் தண்டை வெட்டி வெல்டிங்கில் ஒட்டவைத்துத் தருகிறவர்களிடம் வண்டியை விடாதீர்கள். பல்வரி கொண்ட மூட்டாலோ லேத்தில் முறையாகக் கடைந்த துண்டாலோதான் இணைக்க வேண்டும். அந்த வெல்டிங் விட்டுப்போனால் பிரேக் பிடிப்பதைத் தவிர உங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

இறக்கத்தில் டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் போட்டு இஞ்சினை அணைத்துவிடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது எந்த வண்டியிலும் தவறு. எண்ணெய் பவர் ஸ்டீயரிங் போட்ட வண்டியில் இஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். திருப்ப முடியாமல் போகாது, இடையிலுள்ள கம்பி ஓரளவு முறுக்கியதும் தண்டும் புழுப்பல்லும் இரும்போடு இரும்பாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பவர் பாக்ஸ்கள் பெரும்பாலும் குறைந்த சுற்றில் திரும்பும்படி செய்யப்பட்டவை என்பதால், பழைய கைப்பல பாக்ஸைவிடவும் கனக்கும்.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை. முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி டிராக் லிங்க்கைக் கழற்றுங்கள். சக்கரங்களைக் கையால் திருப்பிப் பாருங்கள், பிறகு ஸ்டீயரிங்கைத் தனியாகச் சுற்றிப் பாருங்கள். சக்கரம் இறுக்கம் என்றால் கிங்பின் பேரிங் காய்ந்துகிடக்கிறது. ஸ்டீயரிங் இறுக்கம் என்றால் பாக்ஸில் எண்ணெய் இல்லை அல்லது தண்டின் புஷ் பிடித்திருக்கிறது. கிரீஸ் துப்பாக்கியிலும் சரியான காற்றழுத்தத்திலும் தீர்ந்துபோகிற கனத்துக்கு யாரும் பம்பு மாட்டத் தேவையில்லை.

சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்குக் கடிவாளம் போடுகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும்.

மாட்டிய பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். ஒடித்துவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருகிறதா என்று காலி மைதானத்தில் பாருங்கள். கைப்பல வண்டிகளில் கனம் குறைய வேண்டுமென்று கிங்பின்னைப் பின்னோக்கிச் சாய்க்கும் கோணத்தைக் குறைவாகவே வைத்திருப்பார்கள். இப்போது அது போதாமல் போகலாம். முன்பட்டைக்கும் அச்சுக்கும் இடையே மெல்லிய இரும்பு ஆப்பு வைத்து அச்சைச் சற்றுச் சாய்த்தால் சரியாகும். பாக்ஸ் அமர்ந்த இடத்தைத் துடைத்து வெள்ளைப் பெயிண்ட் அடித்துவையுங்கள். போல்ட்டைச் சுற்றித் துருநிறப் பொடி கசிந்தால் அது தளர்கிறது. பெயிண்டில் மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு வெல்டரைக் கூப்பிடுங்கள்.