குறிநோக்கி: பொருத்தலும் பேணலும்

துப்பாக்கியின் மேல் அமரும் குறிநோக்கி இரு கோடுகளை இணக்கும் கருவி. கண்ணிலிருந்து குறுக்கிழை வழியே இலக்கை அடையும் பார்வைக்கோடு ஒன்று. குழல்வாயிலிருந்து கிளம்பிப் புவியீர்ப்பால் வளைந்து இறங்கும் குண்டின் பாதை மற்றொன்று. முன்னது நேர்கோடு, பின்னது வளைகோடு. ஆதலால் இவை நெடுகிலும் ஒன்றாகச் செல்ல இயலாது. கீழிருந்து எழும் குண்டு பார்வைக்கோட்டை ஒருமுறை கடந்து மேலேறி, இறங்கும்போது மறுமுறை வெட்டும். அவ்வெட்டுப்புள்ளியை நாம் வேண்டும் தொலைவில் நிறுத்துவதையே சுடுகளத்தார் ‘ஜீரோ’ வைத்தல் என்கின்றனர். நிறுத்திய புள்ளி நகராமல் காப்பதே பேணல். குறிநோக்கி பற்றிய அறிவு முழுவதும் இந்த நகராமையைச் சுற்றியே அமைகிறது என்பது என் துணிபு.

ஒலிம்பிக் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் உருப்பெருக்கும் குறிநோக்கிக்கு இடமில்லை. அரை மில்லிமீட்டர் அகலமே உள்ள நடுப்புள்ளியை வீரர்கள் சிறு துளை வழியாகவே குறிவைக்கின்றனர். குறிநோக்கி பெரிதும் பயன்படுவது அதனினும் நீண்ட தொலைவுகளில். மதுரைச் சமவெளியில் பொழுதுபோக்காக இலக்குப் பழகுவோர்க்கு எளிதில் வாய்ப்பது 4.5 மி.மீ. சுருள்வில் காற்றுத் துப்பாக்கி. ஓசை குறைந்த இக்கருவி தன் குறிநோக்கியை வதைப்பதில் பெருந்துப்பாக்கியையும் விஞ்சும். சுருள்வில் விரிந்து உந்துதண்டு முன்பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. தண்டு காற்றுமெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே துள்ளுகிறது. பின்னுதைப்பை மட்டும் தாங்கும்படி அமைந்த வில்லைக்கட்டு இவ்விருபுற அடியில் தளர்ந்துவிடும். ஆகவே சுருள்வில் துப்பாக்கிக்கு உரியது எனக் குறித்த குறிநோக்கியையே வாங்க வேண்டும். பிடிவளையம் வழுக்கி நகராதபடி தடுப்பாணியும் வேண்டும்.

பொருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது கண்ணின் இடைவெளி. கண்ணருகு வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே பெரும்பாலான கருவிகளில் 75 முதல் 100 மி.மீ. வரை தேவை. கண்ணை மூடி, துப்பாக்கியை இயல்பாகத் தோளில் அணைத்து, பின் கண் திறந்தால் கருவிளிம்பின்றி முழு வட்டமும் தெரிய வேண்டும். தெரியாவிடின் நகர்த்த வேண்டியது குழாயை, கழுத்தையன்று. அடுத்தது செங்குத்து. இருபது மீட்டர் அப்பால் வேப்பமரக் கிளையில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாய்வின்றித் தாங்கியில் நிறுத்தி, நிலைக்குத்து இழையை அந்நூலோடு ஒன்றச் செய்தால் போதும். இதைச் சிறு செய்தி எனத் தள்ளலாகாது. நொடிக்கு 200 மீட்டர் விரையும் ஈயக்குண்டு 25 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 9 செ.மீ. தாழ்கிறது. சுடும்போது துப்பாக்கி மூன்று பாகை சாய்ந்தாலே குண்டு அரை செ.மீ. அளவு பக்கவாட்டில் விலகிவிடும். வளையத் திருகுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக, ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் முறுக்கத்துக்கு இறுக்குவது வழக்கம். மிகையாக இறுக்கினால் அலுமினியக் குழாய் நசுங்கும். உள்ளிருக்கும் அசையும் உறுப்புகள் சிக்கும்.

ஜீரோ வைப்பது கோணக் கணக்கு. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் ஒரு கலை. பஞ்சாங்கக் கணிதத்தில் கோள்நிலை சொல்லும் அதே கலை. ஒரு கலை 100 மீட்டரில் 29 மி.மீ. அகலும், 25 மீட்டரில் 7 மி.மீ. சற்று மிகும். குறிநோக்கியின் திருத்தத் திருகின் ஒவ்வொரு சொடுக்கும் கால் கலை எனில், 3 செ.மீ. தாழ்ந்து விழும் குண்டை உயர்த்த 100 மீட்டரில் நான்கு சொடுக்குகள் போதும். 25 மீட்டரிலோ பதினாறு வேண்டும். தொலைவை மறந்து திருகுவோர் நெடுநேரம் இலக்கைச் சுற்றிவருவது இதனால்தான். ஒரே ஒரு குண்டின் அடியைக் கண்டு திருகுவதும் தவறு. ஐந்து குண்டுகளின் குவியலைக் கண்டு அதன் நடுவை நகர்த்த வேண்டும்.

இடமாறு தோற்றம் இன்னொரு பிழை. இலக்கின் பிம்பம் குறுக்கிழை இருக்கும் தளத்திலேயே விழாவிட்டால், கண் சிறிது அசைந்ததும் இழை இலக்கின்மேல் ஊர்வதுபோல் தோன்றும். பல குறிநோக்கிகள் 100 கெசத் தொலைவுக்குத் திருத்தப்பட்டே வருகின்றன. 10, 20 மீட்டரில் பழகுவோர்க்கு முன்வில்லையையோ பக்கத் திருகையோ திருப்பி இத்தளத்தைச் சரிசெய்யும் அமைப்புத் தேவை.

குறுக்கிழையின் வரலாறு போர்க்களத்தில் தொடங்கியதன்று. 1640-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் வில்லியம் காசுகாயின், தம் தொலைநோக்கிக்குள் சிலந்தி இழைத்த நூல் வானப் பொருளோடு சேர்ந்து தெளிவாகத் தெரிவதைக் கண்டார். அவ்விழையே அளவைக் கருவிகளின் உயிர்நாடி ஆயிற்று. தமிழ்நிலத்தில் அதன் பெருஞ்செயலைக் கண்டது 1802: ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் நில அளவைக்கான அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அவருடைய கோணமானி இலண்டனில் கேரியின் பட்டறையில் உருவானது; ஏறத்தாழ அரை டன் எடை, மூன்றடி விட்டமுள்ள கிடைவட்டம். மதுரைப் பக்கம் யானைமலையும் நாகமலையும் அழகர்மலையும் சமவெளியில் திடுமென எழுந்து நிற்கின்றன. நெடுந்தொலைவு நோக்க அவையே மேடை. தஞ்சையைச் சூழ்ந்த காவிரிச் சமவெளியில் அத்தகைய குன்றுகள் இல்லை. எனவே 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்றினர். இழுகயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதி, வட்டம் நெளிந்தது. லாம்டன் அதைக் கைவிடவில்லை. ஆறு வாரம் கூடாரத்துள் இருந்து, பலகையில் சரியான அளவுக்கு வளைவை வெட்டிவைத்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு நெளிந்த விளிம்பை இம்மி இம்மியாகப் பழைய வடிவுக்கு இழுத்தார். அதன்பின் பல்லாண்டுகள் அது பணியாற்றியது. அடிபட்ட கருவியின் கண்ணாடி உடையாதிருந்ததே நலம் என அவர் அமையாமல், கோடு பிறழ்ந்ததா என்று ஆராய்ந்தார். நில அளவைக்கும் குறிநோக்கிக்கும் பொதுவான பண்பு இது. என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானதும் இதுவே.

அளவையாளர் பின்னாளில் இரவு விளக்கொளியை நாடியதற்கு ஒரு காரணம் பகலின் அனல். சூடேறிய மண்ணை ஒட்டிய காற்று அடர்த்தி குறைந்து ஒளியை வளைக்கும். கானலில் இலக்கு மிதந்தாடும். சித்திரை, வைகாசியில் நீண்ட தொலைவுக்கு ஜீரோ வைப்போர் விடிகாலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புழுதி மதுரைக்கே உரிய பகை. செம்மண்ணிலும் மேலூர்ப் பக்கம் கல்வெட்டுமிடத்துத் தூளிலும் குவார்ட்சுத் துகள் உண்டு. மோசு அளவுகோலில் அதன் கடினம் 7. வில்லைக்கு மேல் பூசும் மெக்னீசியம் புளோரைடு அதனினும் மென்மையானது. பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஒளியில் 4 விழுக்காட்டைத் திருப்பிவிடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றிலொரு பங்கு வீண். 1935இல் ஜெர்மனியின் சைசு நிறுவனத்து அலெக்சாண்டர் சுமாகுலா இவ்விழப்பைத் தவிர்க்கும் மென்பூச்சைக் கண்டளித்தார். அம்மென்பூச்சை வேட்டி நுனியால் துடைத்துச் சிதைப்பது பெருங்கேடு. முதலில் இரப்பர் ஊதியால் தூசியை அகற்றி, பின் மென்தூரிகை, அதன் பிறகே வில்லைக்குரிய நீர்மம் நனைத்த துணி எனும் வரிசை பிறழக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோலுறைக்குள் அடைத்து வைத்த வில்லைமேல் பூஞ்சை படரும். உள்ளே உலர்ந்த நைட்ரசன் நிறைத்திருந்தாலும் வெளிப்பரப்புக்கு அது காவலன்று. சிலிக்கா களியுடன் மூடிய பெட்டி நன்று. களியின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்த வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விடுவது ஈரத்தினும் தீது. குறிநோக்கி வழியே கதிரவனை நோக்குவதோ பார்வையையே பறிக்கும்.

நெடும்பயணம் சென்று வந்த பின்னும் கீழே விழுந்த பின்னும் ஐந்து குண்டுகள் சுட்டுப் பார்க்க வேண்டும். குவியல் பழைய இடத்திலேயே விழுந்தால் திருகைத் தொடாமல் விடலாம். விலகியிருந்தால் முதலில் வளையங்களின் பிடிப்பையும் தடுப்பாணியையும் சோதித்து, அவை உறுதியாக இருந்தால் மட்டும் திருகின் மூடியைத் திறக்க வேண்டும்.